வாசிப்பு தானாக வருவதில்லை
பேசக் கற்பதைப் போலவே, புத்தகங்கள் சூழ வளரும் குழந்தை வாசிக்கவும் தானாகக் கற்றுவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. பேச்சு, காதில் விழுவதைக் கொண்டே பெரும்பாலும் வந்துவிடுகிறது. எழுத்தோ மனிதர் உருவாக்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆன குறியீட்டு முறை என்பதால், எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதைப் பெரும்பாலான குழந்தைகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கையும் இதையே வலியுறுத்தியது. படத்தின் கீழே 'படகு' என்றிருக்க, குழந்தை 'கப்பல்' என்று படித்தால், அது படத்தைப் பார்த்து ஊகிக்கிறது (பெரியவர்கள் பலர் இதைத்தான் வாசிப்பு என்று மெச்சுகிறார்கள்). அப்போது முதல் எழுத்தில் விரல் வைத்து, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லவைக்க வேண்டும். கதை வாசித்துக் காட்டுவது சொல்வளத்தை நிச்சயம் பெருக்கும். எழுத்துக்கூட்டும் பயிற்சிக்கு அது மாற்றாகாது.