பீடி சுத்துறவ மகன்தான் நான்

என் பேட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு வீடியோவை வைத்து, பீடி சுற்றுகிறவர்களை நான் கேவலப்படுத்திவிட்டேன் என்று இரண்டு நாளாக ஆளாளுக்கு என்னை விசாரிக்கிறீர்கள். முழுப் பேட்டியையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் சொன்னது ஒன்றுதான்: படத்தில் நடிக்கும்போது பீடி பிடிக்க மாட்டேன். பீடி சுற்றுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை.

"உங்க அம்மா பீடி சுத்தித்தானே உன்னை வளர்த்தா, இப்ப கசக்குதோ?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அப்படித்தான் வளர்த்தாள். முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் மடியில் சுளகோடு ஒரு பெண் இருப்பாள். அம்மா ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். விடியக்காலையில் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தத்தில்தான் கண் விழிப்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தங்கச்சியும் சுற்றிய பீடியின் வாயை மடக்கிக் கொடுப்போம். கடையில் சரியில்லை என்று ஒரு பிடி பீடியைக் கழித்துவிட்டால் அன்றைக்கு அம்மா யாரிடமும் பேச மாட்டாள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையில் படித்தவன் நான். இதையெல்லாம் எப்போது மறைத்தேன்?

அந்தப் புகையிலைத் தூள்தான் இன்றைக்கு அவள் நெஞ்சில் இருக்கிறது. இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். ஒரு நாளும் பீடியை வாயில் வைக்காதவள் அவள். அதைப் பார்த்து வளர்ந்தவன் கேமரா முன்னால் புகை விட மாட்டேன் என்றால், அது அவளுக்கு அவமானமா?

"நடிகன் என்றால் எந்த வேஷமும் போடணும்" என்பவர்களுக்கு: சரி, அது உங்கள் கருத்து. குடிகாரனாக நடித்தேன், கொலைகாரனாக நடித்தேன். இதை மட்டும் முடியாது என்றேன். வாய்ப்பு போனது, போகட்டும். "எச்சரிக்கை வாசகம் போடுகிறார்களே" என்றும் சொல்கிறீர்கள். 2012-லிருந்து போடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் அதைப் படிப்பதில்லை, பற்ற வைப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

"அப்போ பீடித் தொழிலே அழியட்டும் என்கிறாயா?" இல்லை. மறுபடியும் சொல்கிறேன், நான் பிடிக்க மாட்டேன் என்றேன், அவ்வளவுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, முதுகு ஒடிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களுக்காக நீங்கள் இதுவரை ஒரு வரி எழுதியதுண்டா? என்னைத் திட்டத்தானே அவர்கள் ஞாபகம் வந்தது?

நேற்று தங்கச்சி மகன் எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டான். ராத்திரி போன் பண்ணினாள். "அவிய எதுக்குய்யா என்னைய இழுக்காவ?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். 'பீடிக்காரி' என்று எழுதியவர் அதை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.