இவான் ரோமனோவ் அல்ல

ரஷ்யாவை ஆண்ட ரோமனோவ் வம்சத்தைத் தொடங்கியவர் 'பயங்கர' இவான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லைங்க. 1547-ல் ஜாராக (ரஷ்யப் பேரரசராக) முடிசூடிய இவான் ரூரிக் என்ற வேறு வம்சத்தவர். அவருடைய முதல் மனைவி அனஸ்தாசியாதான் ரோமனோவ் குடும்பத்துப் பெண், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். இவானின் மகன் ஃபியோதர் 1598-ல் வாரிசில்லாமல் இறந்தார், அப்புறம் பஞ்சம், போலி ஜார்கள், போலந்துப் படையெடுப்பு என்று நாடே சீரழிந்து, கடைசியில் 1613-ல் பெருமன்றம் கூடி அனஸ்தாசியாவின் சகோதரர் பேரனான 16 வயது மிகயிலை ஜாராகத் தேர்ந்தெடுத்தது. கொஸ்த்ரோமா நகர மடத்திலிருந்த அவருடைய தாய் முதலில் மகனை அனுப்பவே மறுத்தார்.

சரிபார்ப்பது சுலபம். வம்சத்தின் 300-வது ஆண்டுக்காக 1913-ல் செய்யப்பட்ட ஃபாபெர்ஜே முட்டையின் (நகை வேலைப்பாடுள்ள அலங்கார முட்டை) படத்தைத் தேடிப் பாருங்கள், அதிலுள்ள 18 ரோமனோவ் உருவப்படங்களில் முதலாமவர் மிகயில், இவான் அதில் இல்லை.