அப்பா அம்மாவுக்குப் பாலைவனம் காட்டப்போகிறவர்களுக்கு

போன வாரம் சித்தி மகன் துபாயிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணே, டிசம்பர்ல அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. டெசர்ட் சஃபாரிக்கு எந்தக் கம்பெனி நல்லாருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க, ஆஃபர் முடியுது."

டெசர்ட் சஃபாரி என்றால் வண்டியில் ஏற்றிப் பாலைவனத்தைச் சுற்றிக் காட்டுகிற பயணம். அவனுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் செங்கோட்டை, கடையநல்லூர், புளியரை, இந்தப் பக்கம் அச்சன்கோவில், ஆரியங்காவு வரைக்கும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். குளிர்காலம் வந்ததும் பெற்றவர்களை விசிட் விசாவில் கூட்டிப்போகிற எல்லோருமே இதே கேள்வியைக் கேட்கப்போகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாலைவனம் அவசியம் காட்டுங்கள். உயரக் கட்டடத்தையும் மாலையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த மண்ணைப் பார்த்ததாகவே ஆகாது. ஆனால் மணல்மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கி ஓட்டுகிறார்களே, டூன் பேஷிங், அதில் அம்மாவை உட்கார வைப்பதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். நான் யோசிக்காமல் செய்தேன்.

2022 டிசம்பர். அப்பாவும் அம்மாவும் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு என்று மலையைச் சுற்றித் திருவனந்தபுரம் ஏர்போர்ட். அங்கிருந்து நாலு மணி நேரத்துக்குப் பக்கம், நான் இருந்த துபாய். அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. சர்க்கரை உண்டு, அவ்வப்போது இடுப்பு வலி உண்டு. அதெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சஃபாரிக்கு வாட்ஸ்அப்பில்தான் பதிந்தேன். அவர்கள் கேட்டது மூன்று கேள்வி: எத்தனை பேர், எங்கே வந்து ஏற்ற வேண்டும், சைவமா அசைவமா. வயது கேட்கவில்லை. முதுகு வலி, இதய நோய், கர்ப்பம் எதுவும் கேட்கவில்லை. அந்த எச்சரிக்கை அவர்கள் அனுப்பிய காகிதத்தின் கடைசியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது பிறகுதான். அவர்கள் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் கேட்காவிட்டால் நான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு லேண்ட் குரூஸர் வந்தது. ஹத்தா ரோட்டில் லஹ்பாப் பக்கம், செம்மணல் மேடுகள். ரோட்டோரம் வரிசையாக வண்டிகளை நிறுத்தி டயரில் காற்றை இறக்கினார்கள். சாதாரணமாக 35 காற்று வைக்கிற டயரை 15, 18 வரைக்கும் இறக்குவார்கள். டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் படியும், புதையாது. டிரைவர் பெஷாவர் பக்கத்துக்காரர், பன்னிரண்டு வருட அனுபவம். திறமைசாலி, மரியாதையான மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னால் பத்து வண்டி, பின்னால் பத்து வண்டி போகும்போது அவர் ஒருவர் மட்டும் மெதுவாக ஓட்ட முடியாது.

மணல்மேடு என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. காற்று வருகிற பக்கம் சாய்வாக, ஏறத் தோதாக இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து நிற்கிற முகம், முப்பது பாகைக்கு மேல் செங்குத்தாக இறங்கும். வண்டி சாய்வில் வேகம் பிடித்து ஏறி, உச்சியில் ஒரு நொடி எதிரே வானம் மட்டும் தெரிய, அப்படியே மறுபக்கம் விழும். இளைஞர்களுக்கு அந்த ஒரு நொடிதான் சந்தோஷம். விழுந்த வண்டி அடியில் தட்டி நிற்கிறதே, அந்தத் தட்டு முழுக்க உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பில் இறங்குகிறது.

நான் செய்த பெரிய தப்பு, அம்மாவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது. மகளும் மனைவியும் நடுவில், அப்பா முன்னால், நானும் அம்மாவும் பின்னால். ஏழு பேர் உட்காருகிற வண்டியில் மூன்றாவது வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் என் முழங்காலையும் பிடித்திருந்தார். நான்காவது மேடோ ஐந்தாவது மேடோ, இறங்கும்போது 'ம்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லய்யா, நீ பிள்ளையப் பாரு" என்றார். முன்னால் அப்பா கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகும் இருபது நிமிடம் ஓடியது.

சூரியன் மறைவதற்கு முன்னால் ஓர் உயரமான மேட்டில் நிறுத்தினார்கள். எல்லோரும் படம் எடுக்க ஓடினார்கள். அம்மா மெல்ல இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார். "எய்யா, இது நம்ம அருஞ்சுனை காத்தய்யனார் கோயில் தேரி மண்ணு மாதிரியே இருக்கே" என்றார்.

எங்கள் குலதெய்வம் அவர்தான். திருச்செந்தூருக்குப் பக்கத்தில், குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டின் நடுவில், வற்றாத சுனைக்கரையில் இருக்கிற சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு அந்தச் செம்மணலில் கால் சுட நடந்து போனவர் அம்மா. அவர் சொன்னது பார்வைக்கு மட்டுமல்ல, உண்மையிலும் சரிதான். லஹ்பாப் மணல் சிவப்பாக இருப்பதும் தேரி சிவப்பாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான். மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. நமக்குச் சாரல் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டிக் காய்ந்து போய், செம்மண்ணை அள்ளிக் கிழக்கே குவித்ததுதான் தேரி. இருநூறு பேர் நின்ற அந்த மேட்டில், இறங்கிய ஒரு நிமிடத்தில் அந்த மண்ணை அடையாளம் கண்டது அம்மாதான். நின்று பார்க்க எங்களுக்குக் கிடைத்ததோ பதினைந்து நிமிடம். விசில் அடித்தார்கள், ஏறிவிட்டோம்.

அங்கிருந்து, சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மணலில் அமைத்திருக்கிற கேம்ப்புக்குப் போனோம். அங்கே வழக்கமான எல்லாம் இருந்தது. மருதாணி, கையில் வல்லூறு வைத்துப் படம், சுழன்று ஆடும் தனூரா, சுட்ட கறி, குப்பூஸ், ஹம்முஸ். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம் கிடைக்காது, வீட்டிலிருந்து புளியோதரை கொண்டுபோவது நல்லது. நான் சொல்ல வந்தது ஒட்டகத்தைப் பற்றி.

சவாரி இரண்டு மூன்று நிமிடம்தான், ஒரு சின்ன வட்டம். அம்மா ஏறவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒட்டகம் மேய்க்கிறவர் பக்கத்தில் போய் நின்றார். அவர் பாகிஸ்தானின் சிந்துப் பக்கத்துக்காரர், தார்ப் பாலைவனத்தில் பிறந்தவர். நாற்பது வருடம் மாடு வளர்த்தவர் அம்மா. "இதுக்கு என்ன வயசுன்னு கேளு", "குட்டி போட்டிருக்கான்னு கேளு", "தண்ணி காட்டியாச்சான்னு கேளு" என்று வரிசையாக என்னிடம் கேட்கச் சொன்னார். நான் இந்தியில் கேட்க, அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வயது, இரண்டு குட்டி. படுத்திருந்த ஒட்டகத்தின் முன்னங்கால் முட்டியைக் காட்டினார். தோல் காய்த்துப் பலகை மாதிரி இருந்தது. அம்மா பதறிவிட்டார். புண் இல்லை, சுடுமணலில் மடிந்து படுப்பதற்காக இயற்கையாக அமைகிற மெத்தைதான் என்று அவர் விளக்கினார். நெஞ்சுக்கு அடியிலும் அப்படி ஒன்று உண்டு. திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. தாகம் முற்றினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் குடிக்கும். அன்று நாங்கள் கொடுத்த காசில் உருப்படியாகக் கிடைத்தது அந்த மனிதரோடு பேசிய கால் மணி நேரம்தான்.

கேம்ப் வேலிக்கு வெளியே ஒரு மரம் நின்றது. அங்கே காஃப் என்பார்கள். ஒட்டகத்துக்குத் தழை, மேய்க்கிறவருக்கு நிழல். அமீரகத்தின் தேசிய மரம். 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது இதைத்தான் சின்னமாக வைத்தார்கள். அம்மா ஒரு கொப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வன்னிமரம்லா, விஜயதசமிக்குச் சாமி அம்பு போடுமே" என்றார். நம் வன்னியேதான். பதினோரு வருடமாக அந்த மரத்தைக் கடந்து போகிற எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இரவு அம்மாவால் படுக்கையில் திரும்பிப் படுக்க முடியவில்லை. தைலம் தேய்த்தோம். ஊருக்குத் திரும்பிய பிறகு தென்காசியில் எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன். கீழ் முதுகில் ஓர் எலும்புக் கட்டை முன்பக்கம் நசுங்கியிருந்தது. "கீழே விழுந்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிந்துகொண்டே போகும். வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. விழக்கூட வேண்டாம், பலமாக ஒரு குலுங்கல் போதும் என்று அவர் விளக்கினார். மூன்று மாதம் பெல்ட். குனிந்து கோலம் போடக்கூடாது, குடம் தூக்கக்கூடாது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா, வண்டிய நிறுத்தச் சொல்லியிருப்பேனே" என்றேன்.

"நீ எம்புட்டு துட்டு கொடுத்துக் கூட்டிட்டுப் போற. பிள்ளைங்க வேற சிரிச்சிட்டு இருந்துச்சு. நான் எப்படிய்யா நிறுத்தச் சொல்லுவேன்?"

இந்தப் பதிவை எழுத வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். நம்மைப் பெற்றவர்கள் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் வாந்தி வந்தாலும் சொல்ல மாட்டார்கள், ஓட்டலில் காரம் தாங்காவிட்டாலும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை செலவு செய்கிறான் என்றால் வலியை விழுங்கிக்கொள்வார்கள். "வேணாம்னா சொல்லுங்கம்மா" என்று நாம் கேட்பதால் ஒரு பயனும் இல்லை. வேண்டாம் என்பதை நாமே முடிவு செய்து வைத்துவிட வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. பதியும்போதே டூன் பேஷிங் வேண்டாம், நேராகக் கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டால் பல கம்பெனிகள் செய்துகொடுக்கின்றன. வீட்டில் சிலருக்கு அந்தச் சவாரி வேண்டும், சிலருக்கு வேண்டாம் என்றால் இரண்டு வண்டி கேளுங்கள். கூடுதல் காசு ஆகும், ஆகட்டும். என்ன ஆனாலும் மூன்றாவது வரிசையில் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். ஒட்டகச் சவாரியும் பார்க்கத்தான் மெதுவானது. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் எழும், மேலே இருப்பவர் முன்னால் தூக்கி எறியப்பட்டது போல் சாய்வார். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், மறுபடி அதே சாய்வு. இரண்டு தடவையும் பின்னால் சாய்ந்து சேணத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூட்டு வலி இருப்பவர்கள் ஏறாமல், அம்மா மாதிரிப் பக்கத்தில் நின்று தடவிக் கொடுத்தாலே போதும். ஏறுவதற்கு முன் ஒட்டகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சேணத்துக்கு அடியில் புண் இருந்தால், திமில் தளர்ந்து சரிந்திருந்தால் அதன் மேல் ஏறாதீர்கள்.

"இப்படிப் பயந்தா எதையும் பார்க்க முடியாது" என்று நண்பன் ஒருவன் சொன்னான். அப்பாவைச் சுட்டிக்காட்டினான். சரி, அப்பா ரசித்தார், உண்மை. அவர் முன் சீட்டில் இருந்தார், அவருக்கு முதுகில் தொந்தரவு கிடையாது, அவர் அதை ஆசைப்பட்டுக் கேட்டார். அம்மா கேட்கவில்லை. அம்மாவுக்கு வேண்டியது அந்த மணல், அந்த மரம், அந்த ஒட்டகம். அது மூன்றுக்கும் லேண்ட் குரூஸர் பறக்க வேண்டியதே இல்லை.

2025 ஜனவரியில் இருவரையும் மறுபடி அழைத்துப்போனேன். இந்தத் தடவை கம்பெனி இல்லை. விடிவதற்கு முன் எங்கள் சொந்தக் காரில் அல் குத்ரா ஏரிப் பக்கம். தார் ரோடு, நுழைவுக் கட்டணம் கிடையாது. பாலைவனத்துக்கு நடுவில் வெட்டிய ஏரிகள், குளிர்காலத்தில் பூநாரை கூட வரும். பாயும் ஃபிளாஸ்க்கில் காபியும் கொண்டுபோனோம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அங்கே நல்ல குளிர், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். அம்மா வெறுங்காலோடு மணலில் நூறடி நடந்தார். இரவெல்லாம் காற்று அழித்துச் சமன் செய்த மணலில் ஏதோ பல்லியின் தடம் தையல் போட்ட மாதிரி போயிருந்தது. அதைப் பின்தொடர்ந்து புதர் வரைக்கும் போய்விட்டு வந்தார். இரண்டு மணி நேரம் யாரும் விசில் அடிக்கவில்லை.

கொஞ்சம் செலவு செய்ய முடிகிறவர்கள் துபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் அழைத்துப்போகிற பயணங்களை விசாரியுங்கள். 225 சதுர கிலோமீட்டர், வேலி போட்ட இடம், வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அரேபிய ஓரிக்ஸ் மான்களை அங்கே பார்க்கலாம். 1972இல் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போன இனம், வளர்ப்பில் மிஞ்சியவற்றைப் பெருக்கி மறுபடி பாலைவனத்தில் விட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

சித்தி மகன் நேற்று போன் செய்தான். சித்தப்பாவும் அவனும் மட்டும் மணல்மேட்டு வண்டியில், சித்தப்பா முன் சீட்டில். சித்தியும் பிள்ளைகளும் வேறு வண்டியில் ரோடு வழியாக நேராகக் கேம்ப்புக்கு. கம்பெனிக்காரரிடம் இதை வாட்ஸ்அப்பில் எழுதியே வாங்கிவிட்டானாம். அங்கே நிற்கிற வன்னிமரத்தைச் சித்திக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.