சானடோரியம் வேறு, தாம்பரம் வேறு

தாம்பரம் பற்றிய கட்டுரையில் ஒரு திருத்தம். சித்த மருத்துவ நிறுவனத்துக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கச் சொல்லியிருக்கிறீர்கள். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வருபவர்கள் அதற்கு முந்தைய ஸ்டேஷனான சானடோரியத்திலேயே இறங்க வேண்டும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. கிறித்தவக் கல்லூரிக்குத்தான் தாம்பரம். கிழக்குப் பக்கம் வெளியேறுங்கள். மேற்கே இறங்கினால் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நிற்பீர்கள், திரும்ப நடைமேம்பாலம் ஏற வேண்டியதுதான்!

2021-ல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்துதான் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதனால் பல்லாவரமும் இப்போது தாம்பரம் கணக்கு. 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அந்த ஊரை விட்டுவிட்டு மேம்பாலங்களை மட்டும் எழுதியது சரியில்லை.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலையும் சேருங்கள். கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வழி. சோழர் கால தூங்கானை மாடம். முன்னால் நின்றால் ஒன்றும் புரியாது; பிராகாரத்தைச் சுற்றிக் கருவறைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி விமானம் வளைந்து இறங்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போவது நல்லது.

தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும். கிளம்பும் நேரத்தோடு அரை மணியாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்; வழியில் பெருங்களத்தூர் நெரிசல் தெரிந்ததுதானே.