ஷாப்லி ஒயினில் சிப்பிப் பொடியா?

‘பிரான்ஸின் ஷாப்லி வெள்ளை ஒயினில் சிப்பி ஓட்டைப் பொடித்துக் கலக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கடல் வாசம்’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. சிப்பி இருப்பது அந்த ஒயின் விளையும் ஷாப்லி வட்டாரத்து மண்ணில். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. இன்றும் தோட்டத்துச் சுண்ணாம்புக் கல்லைப் புரட்டினால், நகத்தளவில் கமா போல வளைந்த சிப்பிப் புதைபடிவங்கள் தெரியும்.

சரி, சிப்பியின் சுவை மண்ணிலிருந்து வேர் வழியே ஏறுகிறதா? அதுவும் இல்லை. குளிர்ப் பிரதேசம் என்பதால் திராட்சையில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. நாக்கில் படும் கூர்மைக்கு முக்கியக் காரணம் அதுதான். வசந்தத்திலும் உறைபனி விழும், கொடிகளுக்கிடையே இரவில் தீ மூட்டிக் காப்பார்கள்!

ஷாப்லி ஒயினில் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக்கு மட்டுமே அனுமதி. ஒயின் பெயர்களுக்கான விதிகளைக் கவனிக்கும் பிரான்ஸின் இனாவோ (INAO) நிறுவன இணையதளத்தில் விதிகள் உள்ளன, பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.