ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள்: பரம்பரையா, பதிவேடா?

ஐரோப்பியர்களின் பெயர்களைப் பற்றிப் பேச்சு எழும்போது நம்மவர்களிடம் இரண்டு நம்பிக்கைகளைத் தவறாமல் காண்கிறேன். அவர்களுக்குத் தொன்றுதொட்டுக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தை விட்டால் வேறு நாதியில்லை என்பது ஒன்று. ஒரு குடும்பப் பெயரின் பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் பூர்வீகமே தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சாதாரண மக்களின் குடும்பப் பெயர் வரி வசூலிப்பவருக்காகவும் ஞானஸ்நானப் பதிவேட்டுக்காகவும் ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்துபோன அடையாளமே தவிர, குலவழியாகக் காப்பாற்றி வந்த சொத்து அல்ல.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹான்ஸின் மகன் பேடர் என்றால் அவர் பேடர் ஹான்சன். அவருடைய மகன் நீல்ஸ், நீல்ஸ் பேடர்சன். அந்த நீல்ஸின் மகள் ஆனா, ஆனா நீல்ஸ்டாட்டர். தலைமுறைதோறும் பெயரின் பின்பாதி மாறிக்கொண்டே இருந்தது, யாருக்கும் அதில் சிரமம் இருக்கவில்லை. சிரமப்பட்டது அரசாங்கம். 1526இல் முதலாம் ஃப்ரெடெரிக் மன்னர் பிரபுக்களை மட்டும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார். குடியானவர்களின் முறை வர முந்நூறு ஆண்டுகள் ஆயின. ஞானஸ்நானத்தின்போதே குழந்தைக்குக் குடும்பப் பெயரையும் சேர்த்து இட வேண்டும் என்று 1828இல் ஆணை பிறந்தது. கிராமங்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாததால் 1856இல் மறுபடியும் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையில் எவருடைய தகப்பன் பெயர் ஏட்டில் இருந்ததோ, அதுவே சந்ததிக்கெல்லாம் நிலைத்துவிட்டது. நாடு முழுக்க யென்சன், நீல்சன், ஹான்சன் என்று குவிந்து, ஆளை அடையாளம் காட்டப் பிறந்த பெயரே அடையாளம் காட்டாத நிலை வந்ததும், பெயர் மாற்றுவதை எளிதாக்கி 1904இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். 2019இல் பிரதமரான மெட்டே ஃப்ரெடெரிக்சன் என்ற பெண்மணியின் பெயருக்கு நேர்ப்பொருள் ‘ஃப்ரெடெரிக்கின் மகன்’ என்பதை நினைத்தால், அந்தப் பதிவேட்டுக்காரர்கள் செய்த வேலையின் தரம் விளங்கும்.

தொழிற்பெயர்களில் கொல்லருக்குத்தான் முதலிடம். ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மிட், பிரான்சில் லெஃபெவ்ர், இத்தாலியில் ஃபெராரி, ஸ்பெயினில் ஹெர்ரேரோ, ஹங்கேரியில் கோவாச், போலந்தில் கோவால்ஸ்கி, ரஷ்யாவில் குஸ்னெட்சோவ் ஆகிய எல்லாமே பட்டறையிலிருந்து வந்தவை. ஐரோப்பாவில் அத்தனை கொல்லர்களா இருந்தார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். விடை நேர்மாறானது: ஊருக்கு ஒருவரே இருந்ததால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரில் எல்லோரும் உழுதுகொண்டிருக்கும்போது ‘உழவர் ஜான்’ என்று அழைத்தால் எந்த ஜான் என்று தெரியாது. ‘கொல்லர் ஜான்’ என்றால் உடனே தெரிந்துவிடும். பெரும்பான்மையோர் செய்த வேலை பெயர்களில் குறைவாகவும், அரிதான வேலை நிறையவும் பதிவாகியிருப்பதை மறந்துவிட்டு, குடும்பப் பெயர்களை வைத்து அக்காலத்துத் தொழில் கணக்கெடுப்பு நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அயலாரைக் குறிக்கும் பெயர்களுக்கும் இதே கணக்குத்தான். ஹங்கேரியில் மிகப் பரவலாக உள்ள பெயர்களில் ஹோர்வாத் என்பது குரோவேஷியரையும், நேமெத் என்பது ஜெர்மானியரையும், தோத் என்பது ஸ்லாவியரையும், குறிப்பாக ஸ்லோவாக்கியரையும் குறிக்கும். குரோவேஷியர்கள் நடுவே வாழும் ஒருவரை யாரும் ‘குரோவேஷியர்’ என்று அழைக்கப்போவதில்லை. ஊரைவிட்டு வந்தவருக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும். போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்துச் சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுகிறவர்கள், ஆகவே விண்ணப்பப் படிவங்களில் வரும் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டம் நம்மை மட்டும் தடுமாறச் செய்யவில்லை.

இங்கிலாந்தின் கதையில் சொந்தப் பெயர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் வென்ற பிறகு, லியோஃப்ரிக், காட்வின் போன்ற பழைய பெயர்கள் சில தலைமுறைகளுக்குள் அருகிப்போய், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி ஆகியவை ஊரெல்லாம் பரவின. எட்வர்ட் தப்பியதற்குக் காரணம், அது புனிதராக வணங்கப்பட்ட ஓர் அரசரின் பெயர் என்பதே. பெயர்களின் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, ஒரே தெருவில் நாலு ராபர்ட் இருந்தால் எப்படிப் பிரித்து அழைப்பது என்ற சிக்கல் முற்றியது. ராபர்ட்டைச் செல்லமாக ராப், ஹாப், டாப் என்று அழைத்தார்கள். அவற்றிலிருந்து ராப்சன், ஹாப்சன், டாப்சன் வந்தன. ரிச்சர்ட் டிக் ஆனதால் அவர் மகன் டிக்சன் ஆனார். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரிக்காக ஆட்களைப் பேர்பேராக எழுதியபோது இந்தப் பட்டப்பெயர்கள் ஏடேறின. வேல்ஸில் இன்னும் தாமதம். அங்கே ‘ஆப்’ என்றால் மகன். ஆப் ஹவல் பாவெல் ஆனதும், ஆப் ரீஸ் ப்ரைஸ் ஆனதும், இங்கிலாந்தின் நிர்வாகம் உள்ளே நுழைந்த பின்னர்தான். வேல்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் ஜோன்ஸ் என்ற பெயரின் முதலெழுத்துக்கு வேல்ஷ் மொழியின் மரபான நெடுங்கணக்கில் இடமே கிடையாது.

பொருள் தேடுகிறவர்களுக்கு ஜெர்மானியச் சொந்தப் பெயர்கள் நல்ல பாடம். அவை பெரும்பாலும் இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டவை. வில்ஹெல்ம் என்பதில் மனவுறுதியும் தலைக்கவசமும் இருக்கின்றன. ஹில்டெகுண்ட் என்ற பெண் பெயரில் முன்பாதிக்கும் போர் என்று பொருள், பின்பாதிக்கும் போர் என்றே பொருள். தகப்பன் பெயரில் ஒரு துண்டும் தாய் பெயரில் ஒரு துண்டும் எடுத்துப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்ததால், ஒட்டிய இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாகப் படிப்பது வீண் வேலை. ஆனால் இணையத்தில் குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் அழகான ஒரு வாக்கியத்தைக் கட்டிவிடுகிறார்கள். குடும்பப் பெயருக்குக் ‘குலச்சின்னம்’ விற்பது அதைவிட மோசம். இங்கிலாந்தில் அத்தகைய சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும், 1484இல் தொடங்கப்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் எதுவும் இல்லை, அது குறிப்பிட்ட ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது என்று தெளிவாகச் சொல்கிறது. ஸ்மித் என்ற பெயருள்ள எல்லோருக்கும் ஒரே கேடயத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி விற்பது வெறும் வியாபாரம்.

நெதர்லாந்தைப் பற்றியும் இப்படி ஒரு கதை சுற்றுகிறது. 1811இல் நெப்போலியன் எல்லோரையும் குடும்பப் பெயர் பதியச் சொன்னபோது, பிரெஞ்சுக்காரர்களைக் கேலி செய்வதற்காகவே மக்கள் ‘நாக்ட்கெபோரன்’, அதாவது ‘அம்மணமாகப் பிறந்தவர்’, என்றெல்லாம் எழுதிக்கொடுத்தார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்நாட்டவரில் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே குடும்பப் பெயர் இருந்தது. இந்தக் குறிப்பிட்ட பெயரும், தகப்பன் இறந்த பின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் திரிந்து வந்தது என்றே பெயராய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

நம் கடற்கரைக்கு வந்த பெயர்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய ஐபீரிய நாடுகளில் ‘எஸ்’ என்று முடியும் பெயர்கள் தகப்பன் பெயரிலிருந்து வந்தவை. ஃபெர்னாண்டஸ் என்றால் ஃபெர்னாண்டோவின் மகன், ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். அந்த ஃபெர்னாண்டோவும் ரொட்ரிகோவும் இலத்தீன் பெயர்கள்கூட அல்ல, அங்கே அரசாண்ட விசிகோத்துகள் விட்டுச்சென்ற ஜெர்மானியப் பெயர்கள். ரொட்ரிகோவில் இருப்பவை புகழும் ஆட்சியும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் அவர்களிடம் வந்து சேர, சொந்தப் பெயரான ஃபெர்னாண்டோ இங்கே பர்னாந்து என்ற குடும்பப் பெயராகவே நிலைத்தது. தூத்துக்குடியிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் அதைத் தாங்குகிறவர்களுக்கும் போர்த்துக்கல்லில் அதே பெயருள்ளவர்களுக்கும் இரத்த உறவு இருப்பதாக அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1542இல் வந்த பிரான்சிஸ் சேவியருக்கு நேர்ந்ததோ இதன் மறுதலை. நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர் ஜாவியேர், பாஸ்க் மொழியில் அதற்குப் ‘புது வீடு’ என்று பொருள். அந்த இடப்பெயர் அவரால் உலகெங்கும் சொந்தப் பெயராகி, நம் ஊரில் சேவியராகவும் சவரிமுத்துவாகவும் நடமாடுகிறது.

இந்த விஷயத்தில் அதிகாரம் எதுவரை போகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. அங்கே ஸ்பானிய ஆளுநராக இருந்த நர்சிசோ க்ளவேரியா 1849இல் குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பி, அதிலிருந்து பெயர் எடுத்துக்கொள்ளச் செய்தார். பட்டியலைப் பக்கம் பக்கமாக ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததால், அல்பாய் மாகாணத்து ஓவாஸ் போன்ற ஊர்களில் குடும்பப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கின. ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய மூதாதையர் இருந்திருக்க வேண்டும் என்று அங்கே யாரேனும் கருதினால், அவர்களுக்குக் கிடைத்தது பட்டியலின் ஒரு பக்கம் மட்டுமே.

எல்லோரும் உறைந்துபோகவில்லை. ஐஸ்லாந்து 1925இல் புதிய குடும்பப் பெயர்களைத் தடைசெய்து, தந்தை பெயரைத் தாங்கும் பழைய வழக்கத்தைச் சட்டமாகவே காப்பாற்றியது. அங்கே தொலைபேசி விவரத்திரட்டு சொந்தப் பெயரின் வரிசையில் அமைந்திருந்தது. 1980இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகியின் மகள். நாட்டுத் தலைவரையே ‘விக்டிஸ்’ என்று அழைப்பதுதான் அங்கே மரியாதை. அதே நாடு சொந்தப் பெயர்களுக்கு ஒரு குழுவை வைத்து அனுமதி கொடுப்பது எனக்கு உடன்பாடில்லாத வேறு விஷயம்: இளங்காற்று என்று பொருள்படும் பெயரை ஆண்பாற்சொல் என்று மறுத்ததால், ஒரு சிறுமி அரசு ஆவணங்களில் வெறுமனே ‘பெண்’ என்றே இருந்து, 2013இல் நீதிமன்றத்தில்தான் தன் பெயரைப் பெற்றாள்.

ஜெர்மனியின் வடகோடியில் வாழும் ஃபிரீசியர்களுக்கும் தந்தை பெயரை ஒட்டிப் பெயரிடுவதே வழக்கம். அதை டேனிய மன்னரின் 1771ஆம் ஆண்டு ஆணை அப்போது அவர் ஆளுகையில் இருந்த ஷ்லெஸ்விக்கிலும், நெப்போலியனின் 1811ஆம் ஆண்டு ஆணை கிழக்கு ஃபிரீசியாவிலும் தடுத்தன. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் புதிய பெயர்ச் சட்டம், பெற்றோரின் சொந்தப் பெயரிலிருந்து பிள்ளையின் பின்பெயரை அமைத்துக்கொள்ளும் உரிமையை ஃபிரீசியச் சிறுபான்மையினருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இந்தச் சலுகையை ஒரு சிறுபான்மையோடு நிறுத்திக்கொள்ளாமல், கேட்கும் எவருக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.