ஹெச்பி குறைச்சல் இல்லைங்க, பின்னாடி வெயிட் இல்லை

மழை பெஞ்ச மறுநாள் பொள்ளாச்சி பக்கம் கோபாலபுரத்துல இருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் எந்தத் தோப்புக்குள்ள போனாலும் இதே கூத்துதான். முன்னாடி மண் தள்ளற டோசர் பலகை மாட்டின மினி டிராக்டர் நகராம நிக்கும். பின் சக்கரம் ஒரே இடத்துல சுத்திக் குழி பறிக்கும். ரெண்டு மட்கார்டு மேலயும் ஆளுக்கொருத்தரை வெயிட்டுக்குன்னு ஏத்தி உக்கார வெச்சிருப்பாங்க. கூலிக்கு வந்த மனுசனை எடைக்கல்லா வைக்கிறதைப் பாத்தா வயிறு எரியுதுங்க. சேத்துல வழுக்கிட்டிருந்த சக்கரத்துக்குத் திடீர்னு பிடிப்பு கிடைச்சு வண்டி குதிச்சா, மேல இருக்கறவர் அந்த டயர்கிட்டயேதான் விழுவாரு. 300 கிலோ காங்கிரீட் செய்யற வேலைக்கு ஒரு உசிரைப் பணயம் வைக்கலாமா?

அடுத்த கோபம், "24 ஹெச்பி பத்தாது, பெரிய வண்டியா மாத்துங்க"ன்னு சொல்றவங்க மேல. பவர் பத்தலைன்னா இன்ஜின் அமுங்கி நின்னுடும். சக்கரம் சும்மா சுத்துதுன்னா பவர் மிச்சம் இருக்குன்னு அர்த்தம், மண்ணைப் பிடிக்க எடைதான் இல்லை. பின் சக்கரம் மட்டும் இழுக்கற 900 கிலோ டூவீல் டிரைவ் வண்டின்னா பின் அச்சுல சுமார் 550 கிலோ நிக்கும். ஈரக் களிமண்ல அதுல மூணுல ஒரு பங்கு இழுவை கிடைச்சாலே பெருசு. அதாவது 180 கிலோ விசை, அவ்வளவுதான். இதுல 150 கிலோ பலகையை முன்னச்சுக்கு ஒரு மீட்டர் தள்ளித் தொங்கவிட்டா, வீல்பேஸ், அதாவது ரெண்டு அச்சுக்கும் நடுவுல தூரம், ஒன்றரை மீட்டர் இருக்கற வண்டியில பின் அச்சு இன்னும் 100 கிலோ லேசாயிடும். இருந்த பிடிப்பும் போச்சு. இதுக்கு எத்தனை ஹெச்பி வாங்கினாலும் டயர் தேயறதும் டீசல் எரியறதும்தான் மிச்சம்.

அமெரிக்கா, கனடாவுல பனி தள்ளறதுக்கு இதே அளவு வண்டியைத்தான் ஓட்டறாங்க. பின் டயர்ல திரவம், பின்னாடி வெயிட் பெட்டி, மேல செயின்னு எல்லாம் போட்டுத்தான் இறக்கறாங்க. அங்க தண்ணி உறைஞ்சுடும், அதனால கால்சியம் குளோரைடு கலக்கறாங்க. அந்த வீடியோவைப் பாத்துட்டு இங்க டயருக்குள்ள உப்பைக் கரைச்சு ஊத்தறது வேண்டாத வேலை. கசிஞ்சா வால்வு ஓரம் ரிம்மை அரிச்சுடும். பொள்ளாச்சியிலயும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவுலயும் தண்ணி உறையப் போறதில்லை, வெறும் நல்ல தண்ணி போதும்.

வேலை இவ்வளவுதான். முன் சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கி, வால்வு உச்சிக்கு வர்ற மாதிரி நிறுத்துங்க. காத்தை முழுசா இறக்கிட்டு வால்வு பின்னைக் கழட்டுங்க. தண்ணி உள்ள போகவும் காத்து வெளிய வரவும் வழி இருக்கற அடாப்டரை மாட்டி, உயரத்துல இருக்கற டேங்க்ல இருந்து ஹோஸ் குடுங்க. வால்வு மட்டத்துக்குத் தண்ணி வந்து வழிஞ்சா 75 சதவீதம் நிறைஞ்சதுன்னு அர்த்தம். அதோட நிறுத்துங்க. முழுசா நிரப்பினா டயருக்குள்ள காத்து மெத்தை இல்லாம ஒவ்வொரு கல்லும் டியூபுல நேரா அடிக்கும். 8.3-24 அளவு டயருக்குச் சுமார் 60 லிட்டர் பிடிக்கும். ரெண்டுக்கும் சேத்து 120 கிலோ, ஹைட்ராலிக்குக்கோ அச்சு பேரிங்குக்கோ ஒரு பாரமும் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் நிரப்பிட்டு ஓட்டாதீங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

அப்புறம் காத்து. பஞ்சர் கடையில கண்ணை மூடிட்டு 30 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சு விட்டுடறாங்க, டயர் உருண்டையாகி நடுப்பகுதி மட்டும் மண்ணைத் தொடுது. தோப்பு வேலைக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ போதும். டிரெய்லர் பூட்டி ரோட்டுக்குப் போறப்ப, டயர்ல அச்சடிச்ச அளவைத் தாண்டாம ஏத்திக்குங்க. தண்ணி இருக்கற டயருக்கு வால்வை மேல வெச்சுத்தான் கேஜ் பிடிக்கணும். பின்னால நின்னு பாத்தா டயர்ல V மாதிரி இருக்கற பட்டையோட கூர்முனை மேல பாத்து இருக்கணும். டயரைத் தலைகீழா மாட்டிட்டுப் பிடிப்பு இல்லைன்னு புலம்பற வண்டிங்க எத்தனையோ.

இதுக்கும் மேல வேணும்னா காங்கிரீட் கட்டை. 60க்கு 45க்கு 45 செ.மீ. பெட்டி அடிச்சு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை போட்டா 290 கிலோ வரும், சிமெண்ட் ஒரு மூட்டை கூட ஆகாது. வண்டிக்குப் பின்னால கருவி மாட்டற கீழ்க் கை ரெண்டு இருக்கே, அந்த லோயர் லிங்குக்கு 22 மி.மீ. இரும்புக் கம்பி ஒண்ணு கட்டையை முழுசா ஊடுருவி ரெண்டு பக்கமும் நீட்டிட்டு வரணும். தனித்தனித் துண்டாப் பதிச்சா பிடுங்கிட்டு வந்துடும். அந்தக் கம்பிக்கு 46 செ.மீ. மேல, கட்டையில பதிச்ச இரும்புத் தகட்டுல, டாப் லிங்குக்கு (மேல் கை) 19 மி.மீ. ஓட்டை. ரெண்டு வாரமாவது நனைச்சு வெச்சு அப்புறம் தூக்குங்க. கட்டை பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால தொங்கினா பின் அச்சுல ஏறுற எடை 290 இல்லை, சுமார் 445 கிலோ. அந்த மிச்சம் 155 கிலோவும் முன்னச்சுல இருந்து வந்தது. அதனால முன்னாடி பலகையைக் கழட்டின அன்னைக்கே பின்னாடி கட்டையையும் கழட்டியாகணும், இல்லைன்னா ஸ்டியரிங் கேக்காது.

முன்னாடி மண் அள்ளற பக்கெட், அதாவது லோடர், மாட்டினவங்களுக்குக் கட்டை விருப்பம் இல்லைங்க, கட்டாயம். டூவீல் டிரைவ் வண்டியில பிரேக் பின் சக்கரத்துல மட்டும்தான் இருக்கு. பக்கெட் நிறைய மண்ணோட சரிவுல இறங்கும்போது பின்புறம் எழும்பினா பிரேக்கும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் இல்லை. பக்கெட்டை முழங்கால் உயரத்துக்கு மேல தூக்காம இறங்குங்க.

எல்லாம் செஞ்சப்புறம் அளந்து பாருங்க. டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, பாரம் இல்லாம 10 சுத்து ஓட்டி தூரத்தைக் குறிங்க. 30 மீட்டர்னு வந்தா, பலகை மண்ணைத் தள்ளும்போது அதே 10 சுத்துல 26 மீட்டர் வரணும். அது 13 சதவீத வழுக்கல், சரியான அளவு. 22 மீட்டர்தான் வருதுன்னா இன்னும் எடை வேணும், இல்லை தள்ளற மண்ணைக் குறைக்கணும்.

டிராக்டர் விக்கறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டோசர் பலகை சேத்து விக்கறப்ப, பின் டயர்ல தண்ணி நிரப்பி, அந்த அடாப்டரையும் டூல் பாக்ஸ்ல போட்டு டெலிவரி குடுங்க. சில நூறு ரூபாய் சாமான் அது.